மூன்று நாளைக்கு வாழைப்பழம் வேண்டாம்

ஜார்ஜ் டவுன்
12 நவம்பர் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமும் அத்தான், வள்ளி நலமும் அறிய ஆவல். இந்த இரண்டு வரியை எழுதவே ஒரு வாரம் ஆகிவிட்டது. அதனால் மீதியை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் எங்கள் உயிர்வேதியியல் பகுதியில் ஓர் ஆய்வு தொடங்கியிருக்கிறோம். நம் வள்ளிக்கு இருப்பது போன்ற ஆட்டிசம் உள்ளவர்களின் இரத்தத்தில் செரோட்டோனின் என்ற பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறோம். அது பெரும்பாலும் குடலில் உண்டாகி, இரத்தத்தில் உள்ள சிறுதட்டுகளில் ஏறிச் சுற்றுவது. ஆட்டிசம் உள்ள மூவரில் ஒருவருக்கு அது மிகுதியாக இருப்பதாக இருபது வருடங்களாக வெளிநாடுகளில் எழுதி வருகிறார்கள். ஏன் என்று எவருக்கும் தெரியாது. நான் கண்டுபிடிப்பேன் என்றும் நினைக்கவில்லை. நம் ஊரில் யாரும் அளந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இதுவரை பதினான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள், எல்லாரும் சின்னப் பிள்ளைகள். இருபத்திரண்டு வயதில் ஒருத்தி கிடைத்தால் உதவியாக இருக்கும். வள்ளியின் இரத்தம் ஒரு குழாய், ஒரு முழு நாளின் சிறுநீர், உங்கள் இருவரின் இரத்தம் ஒவ்வொரு குழாய். சிறுநீர் சேர்ப்பதற்கு முன் மூன்று நாளைக்கு அவளுக்கு வாழைப்பழம், அன்னாசி, தக்காளி கொடுக்கக் கூடாது. அவற்றில் இந்தப் பொருள் இயற்கையாகவே இருக்கிறது. கணக்கைக் கெடுத்துவிடும்.

இன்னொன்று. தாயின் அன்புக் குறைவால் பிள்ளை இப்படி ஆகிறது என்ற கருத்து அக்காலத்துப் புத்தகங்களில் எழுதப்பட்டிருந்தது. அது இப்போது கைவிடப்பட்டுவிட்டது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணினேன்.

அப்பாவின் அந்தியேட்டிச் சடங்கன்று கூடத்தின் அந்தப் பக்கத்தில் உங்களைக் கடைசியாகப் பார்த்தது. எட்டு வருடமாகிறது.

இப்படிக்கு,
ஞானாம்பிகை

பி.கு. இரத்தம் தர விருப்பம் இல்லாவிட்டாலும் பதில் எழுதுங்கள்.


புக்கிட் மெர்தாஜாம்
27 நவம்பர் 1983

ஞானத்துக்கு,

உன் கடிதம் வந்து மேசையில் நாலு நாள் கிடந்தது. ஐந்தாம் நாள் அத்தான் உடைத்து, சத்தமாகப் படித்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

எழுதப்பட்டிருந்தது, கைவிடப்பட்டுவிட்டது. புத்தகத்தில் எழுதினவன் யாரோ எனக்குத் தெரியாது, அவன் என் வீட்டுக்கு வந்ததில்லை. இங்கிலாந்திலிருந்து பட்டத்தோடு வந்து, என் கூடத்தில் நின்று, என் முகத்தைப் பார்த்துச் சொன்னது நீ. அப்போது அவளுக்கு எட்டு வயது. பதினான்கு வருடம் கழித்து அது யாரோ சொன்னதாகிவிட்டது.

வள்ளி எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்கவில்லை. அவள் நலம் அறிய ஆவல் என்று எழுதியிருக்கிறாய், அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன், கடிதத்தில் எல்லாரும் எழுதுவதுதான் அது. உயரமாகிவிட்டாள். அப்பாவின் மூக்கு. பின்படியில் உட்கார்ந்து துணிக் கிளிப்புகளை நிறம் பிரித்து அடுக்குவாள், பன்னிரண்டு பன்னிரண்டாக. ஒன்று குறைந்தால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை. ஊர்ச் சத்தமெல்லாம் அவள் வாயில் வரும். ஸ்டேஷன் அறிவிப்பு, மீன்காரன் குரல், ரேடியோ செய்தி. தானாக ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

இரத்தம் தருகிறேன். அத்தான் சொல்லித்தான். "அவ கேக்கிறது இரத்தம்தானே, புஷ்பம். நம்மள ஒண்ணும் கேக்கலையே" என்கிறார். தைப்பூசம் கழியட்டும். பக்கத்து வீட்டு நூர்ஜான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வள்ளி கை நீட்டுவது அவளிடம் மட்டும்தான், அவள் எடுத்துத் தருவாள். அத்தான் ஃபெர்ரியில் கொண்டுவந்து தருவார். நீ வரவேண்டாம்.

கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே. நீ அன்றைக்குச் சொன்னது இந்த வீட்டில் இன்னும் இருக்கிறது. அதற்கு மேல் விளக்க மாட்டேன்.

புஷ்பராணி


ஜார்ஜ் டவுன்
28 ஜனவரி 1984

அன்புள்ள அக்கா,

அத்தான் சனிக்கிழமை காலை ஐஸ் பெட்டியோடு வந்து சேர்ந்தார். ஃபெர்ரியில் ஒரு சீனர், பெட்டியில் என்ன மீன் என்று கேட்டாராம். மீன் இல்லை, மகளுடைய பரீட்சைத் தாள் என்றாராம் அத்தான். இன்னும் அப்படியேதான் இருக்கிறார். தேநீர் கொடுத்தேன். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு நாற்காலியில்தான் நான் உட்காருவது போலிருக்கிறது என்றார். மற்றவற்றில் புத்தகங்கள் இருக்கின்றன என்றேன்.

முடிவுகள் வந்துவிட்டன. வழக்கமாக எல்லாம் முடிந்த பிறகுதான் எவருக்கும் எழுதுவேன். இன்று பொறுக்கவில்லை.

வள்ளியின் இரத்தத்தில் செரோட்டோனின் மிகுதி. அதைவிட, அது உடைந்து சிறுநீரில் வரும் கழிவு, இதுவரை நாங்கள் அளந்தவர்களில் எவருக்கும் இல்லாத அளவு. சாதாரண அளவைப் போல் நாலு மடங்கு. கணக்கை மூன்று முறை போட்டேன். பிறகு கணக்குத்தாளை மூடி வைத்துவிட்டு ஜன்னலருகே போய் நின்றேன்.

அக்கா, இது நிலைக்குமானால், அவள் உடம்பில் ஏதோ ஒரு வேதிவினை வேறு விதமாக நடக்கிறது. பிறக்கும்போதே நடந்திருக்கும். ஒருவர் தூக்கியதாலோ தூக்காததாலோ வருவதல்ல அது. காகிதத்தில், எண்ணாக, எவருக்கும் எடுத்துக் காட்டலாம்.

காட்ட வேண்டியது முதலில் உங்களுக்குத்தான் என்று தோன்றியது.

ஞானம்


புக்கிட் மெர்தாஜாம்
5 பிப்ரவரி 1984

ஞானம்,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அத்தான் நூர்ஜானிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு மடங்கு என்கிற வார்த்தையை இந்த வீட்டில் எத்தனை தரம் சொல்லிவிட்டோமோ, நேற்று வள்ளியே சொன்னாள், அத்தான் குரலில்.

இருபத்திரண்டு வருடம், ஞானம். கோயிலில், கலியாண வீட்டில், கிளினிக்கில், என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். இனி அந்தப் பார்வைக்கு ஒரு காகிதம் இருக்கிறது.

இதற்குக் காரணம் முருகன் என்று நான் சொன்னால் உனக்குப் பிடிக்காது. ஆனாலும் சொல்கிறேன். தைப்பூசத்துக்கு நாங்கள் பினாங்கு வந்தோம். வள்ளிக்காகத் தண்ணீர்மலைக் கோயிலில் பால்குடம் எடுத்தேன். அவ்வளவு கூட்டத்திலும் மேளத்திலும் அவள் கத்தவில்லை, என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு படி ஏறினாள். இறங்கும்போது பிரசாதம் தந்தார்கள். என்ன ஆசை அவளுக்கு! அங்கேயே இரண்டு கிண்ணம் பஞ்சாமிர்தம். ஒரு டின் வாங்கி வந்தோம். சனிக்கிழமை வரை சோற்றைத் தொடவில்லை, அதைத்தான் வழித்து வழித்துச் சாப்பிட்டாள். சாமி பிரசாதம், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

நீ சொன்னதையும் மறக்கவில்லை. மூன்று நாளும் வாழைப்பழம் ஒரு துண்டு கண்ணில் காட்டவில்லை. சீப்பை நூர்ஜான் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

தைப்பூசத்தன்று திரும்பும்போது உன் தெரு முனையில் கார் நின்றது, சிவப்பு விளக்கு. அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் வீட்டு மாடியில் துணி காய்ந்தது. ஒரு சேலை, ஒரு துவாலை. விளக்கு பச்சையாகிவிட்டது.

அக்கா


ஜார்ஜ் டவுன்
9 பிப்ரவரி 1984

அன்புள்ள அக்கா,

பஞ்சாமிர்தம் வாழைப்பழத்தில் செய்வது.

இதற்குமேல் எப்படி எழுதுவது என்று தெரியாமல் இந்தத் தாள் நேற்று முழுவதும் இப்படியே இருந்தது. உங்கள்மேல் தவறில்லை. பிரசாதத்தை எவர் பழமென்று எண்ணுவார்? தைப்பூச வாரத்தில் ஒரு தமிழ் வீட்டில் சிறுநீர் சேர்ப்பதற்குச் சரியென்றவள் நான். பஞ்சாமிர்தம் என்று நான்தான் எழுதியிருக்க வேண்டும். சிறு வயதில் டின்னை வழித்துத் தின்றவள் நானும்தானே.

அந்த நாலு மடங்கு பழத்திலிருந்து வந்தது. கணக்கிலிருந்து அடித்துவிட்டேன். நீங்கள் எழுதியிராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது, அச்சாகியிருக்கும். எழுதாமல் இருந்திருக்கலாமே என்று ஒரு கணம் நினைத்தேன். இதையும் சொல்லிவிடுகிறேன்.

இரத்தத்தின் எண் நிற்கும். பழத்தில் உள்ளது கல்லீரலைத் தாண்டி இரத்தச் சிறுதட்டுகளுக்குப் போவது மிகக் குறைவு. சாதாரணமாக நூற்றைம்பதுக்குக் கிட்ட இருக்கும். வள்ளிக்கு இருநூற்றுத் தொண்ணூறு. அத்தானுக்கு நூற்று அறுபது. உங்களுக்கு நூற்று முப்பது. வந்தவர்களிலேயே மிகச் சாதாரணமான இரத்தம் உங்களுடையதுதான்.

இனி நான் எழுத வேண்டியது. நோய் இல்லாதவர்களின் இரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிற நாங்கள் பத்துப் பேர் கொடுத்தோம். குழாய்களில் பெயர் இராது, எண் மட்டும்தான். போன வாரம் எங்கள் உதவியாளர் ஜன்னத் ஒரு தாளோடு வந்தாள். "டாக்டர், இந்த ஏழாம் நம்பர் யாருன்னு பாருங்க லா. பேஷண்ட் குழாய் மாறி இங்க வந்திருச்சு போல" என்றாள். மாறவில்லை. மூன்று தரம் அளந்தோம். முந்நூற்றுப் பத்து. ஏழாம் எண் நான்.

உறவினர் சிலருக்கும் இப்படி மிகுந்திருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். தாய்க்கு இல்லாமல் சிற்றன்னைக்கு இருப்பதை வைத்து நான் எந்த முடிச்சும் போட முடியாது. அப்பாவை அளந்திருந்தால் ஏதாவது சொல்லலாம். ஒரே ஓர் எண்ணால் எதுவும் நிரூபணம் ஆகாது, மாணவர்களுக்கு வருடாவருடம் சொல்வது இதைத்தான்.

ஆனால் யாரும் என்னைத் தொட்டால் சிறு வயதிலிருந்தே எனக்குக் கூசும். உங்களுக்குத் தெரியும், என் தலையைப் பின்ன நீங்கள் பட்ட பாடு. அன்பைப் பற்றி உங்களுக்குப் பாடம் சொல்ல வந்தவள் நான்.

அக்கா, அது எழுதப்பட்டிருக்கவில்லை. நான் சொன்னேன். இந்த எண்கள் வந்த பிறகுதான் அதை எழுத முடிந்தது என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆய்வுக்குப் பதினான்கு பேரே போதும். பதினைந்தாவது ஆள் தேவைப்பட்டது எனக்கு.

ஒருமுறை வரலாமா?

ஞானம்


புக்கிட் மெர்தாஜாம்
20 பிப்ரவரி 1984

ஞானம்,

முதலில் கோபம்தான் வந்தது. கடவுள் கையில் தந்ததை நீ கழிவு என்று அடித்துவிட்டாய். அத்தான் இரண்டு நாள் நூர்ஜான் வீட்டுப் பக்கம் போகவில்லை, என்ன சொல்வது என்று. பிறகு அவரே போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தார். "பரவால்ல அண்ணே. நாலு மடங்கு இல்லாட்டி ரெண்டு மடங்கு இருக்கில்ல" என்றாளாம் அவள்.

இப்போது நான் விளக்க மாட்டேன் என்றதை விளக்குகிறேன்.

ஊர்ச் சத்தமெல்லாம் வள்ளி வாயில் வரும் என்று எழுதினேன் அல்லவா. நேற்றுக் கேட்டது மட்டுமில்லை, பத்து வருடத்துக்கு முன் கேட்டதும் வரும், சொன்னவர் குரலிலேயே. எல்லாம் வராது. யாராவது மனம் பொங்கிச் சொன்னது மட்டும் அவளுக்குள் போய்த் தங்கிவிடும். அது சொல்லப்பட்டபோது கூட இருந்தது எதுவோ, அது திரும்ப வந்தால் அந்தப் பேச்சும் வரும்.

நீ அன்றைக்கு என் கூடத்தில் நின்று பேசியபோது வெளியே மழை. உனக்கு நினைவிருக்காது. அவள் மேசைக்கடியில் இருந்தாள். அன்றிலிருந்து மழை தொடங்கினால் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, உன் குரலில், இங்கிலாந்திலிருந்து வந்த அந்த நிதானமான குரலில் சொல்வாள்:

"அக்கா, ஒருநாளாவது இந்தப் பிள்ளையை ஆசையாத் தூக்கியிருக்கிறீங்களா?"

பதினான்கு வருட மழை, ஞானம். இந்த ஊரில் எத்தனை மழை என்று உனக்குத் தெரியும். வானம் கறுத்தால் துணியை எடுத்துக்கொண்டு அவளையும் உள்ளே இழுத்து ஜன்னலைச் சாத்தி, ரேடியோவைச் சத்தமாக வைப்பேன். அப்படியும் கேட்கும். அவளைக் கோபிக்க முடியுமா? அவளுக்கு அதன் அர்த்தம் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எனக்குப் பயமாக இருப்பது அதுதான்.

தூக்கவில்லைதான். தூக்கினால் உடம்பு விறைத்து நீலம் பாயும்வரை கத்துவாள். ஆசை இல்லாமலா? அவள் தூங்கிய பிறகு முகர்ந்து பார்ப்பேன். நாலு வயதில் ஒருநாள் தானாக வந்து என் சுண்டுவிரலைப் பிடித்தாள். அன்றிலிருந்து அந்த விரலை நீட்டிக்கொண்டே நடக்கிறேன். அதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ கேட்டது அந்த மாதிரிக் கேள்வி இல்லை.

நான் உன்னை மன்னிக்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். அப்பா இறந்த வருடமே மன்னித்துவிட்டேன். ஆனால் மழை வந்தால் நீ வந்துவிடுகிறாய், மறுபடியும் முதலிலிருந்து.

வா. இரத்தம் எடுக்க வேண்டாம், சும்மா வா. சனிக்கிழமை. பட்டர்வொர்த்தில் இறங்கினால் அத்தான் நிற்பார். வாசனைத் தைலம் எதுவும் பூசாதே, அவளுக்கு ஆகாது.

அக்கா


ஜார்ஜ் டவுன்
5 மார்ச் 1984

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன்.

ஃபெர்ரியில் வரும்போது சொல்ல வேண்டியதை மனத்தில் எழுதி வைத்திருந்தேன், நாலு வாக்கியம், வரிசையாக. உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவை இல்லை. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சமையலறையில் நீங்கள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தீர்கள், பின்படியில் வள்ளி கிளிப்புகளோடு இருந்தாள், நான் குளிர்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று தெரியவில்லை. மாணவர்களுக்கு முன்னால் பல வருடமாகப் பேசுகிற குரல் அப்படி ஆகும் என்று எதிர்பார்க்கவில்லை. நீங்கள் திருவுவதை நிறுத்தவில்லை. அதற்கு நன்றி.

நான் நீட்டிய விரலை அவள் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் நீட்டிக்கொண்டிருந்தேன். அவள் பார்த்தது என் கைக்கடிகாரத்தை. பரவாயில்லை.

ஆனால் ஃபெர்ரியில் ஒரு பெண் என்னைத் தட்டிச் சொன்னாள், முந்தானையில் ஒரு துணிக் கிளிப் மாட்டியிருக்கிறது என்று. மஞ்சள். வள்ளி எப்போது மாட்டினாள் என்று எனக்குத் தெரியாது. அது இப்போது என் மேசையில் இருக்கிறது. அன்றைக்கு அவள் சாப்பிட்டாளா என்ற கவலை எனக்கு.

ஆய்வுக் கட்டுரையை இன்று முடித்தேன். சிறுநீர்ப் பகுதியில் வள்ளி இல்லை. இரத்தப் பகுதியில் இருக்கிறாள். ஒப்பிடுவதற்கு எடுத்த பத்துப் பேரில் ஏழாம் எண்ணை நீக்கிவிட்டேன். அதை எறியவில்லை. கடைசிப் பக்கத்தில், உறவினர் என்ற வரிசையில், உங்களுக்கும் அத்தானுக்கும் கீழே எழுதியிருக்கிறேன். பெண், வயது நாற்பத்தெட்டு, தாயின் தங்கை.

இங்கே இரண்டு வாரமாக மழை இல்லை. அங்கே?

ஞானம்


புக்கிட் மெர்தாஜாம்
2 ஏப்ரல் 1984

ஞானம்,

அன்றைக்கு அவள் சாப்பிட்டாள். எனக்கே ஆச்சரியம். மஞ்சள் வரிசையில் பதினொன்றை அடுக்கி, பன்னிரண்டாவதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறாள். தினமும் அப்படித்தான் அடுக்குகிறாள். நான் வேறொரு மஞ்சள் வாங்கி வைத்தேன், எடுத்து வீசிவிட்டாள். அதனால் உன்னுடையதைக் கொண்டுவா.

இங்கேயும் மழை இல்லாமல்தான் இருந்தது. நீ கேட்டதற்குப் பதில் சொல்ல எதுவும் இல்லை என்றுதான் எழுதவில்லை. நேற்று நாலு மணிக்கு வந்தது. நான் கொல்லையில் இருந்தேன், கவனிக்கவில்லை, முதல் துளி விழுந்த பிறகுதான் ஓடினேன். அவள் படியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். நான் வாளியோடு அப்படியே நின்றேன்.

சொன்னாள். அதே வாக்கியம், அதே குரல், ஒரு எழுத்துக் குறையவில்லை. நான் ரேடியோவைப் போடப் போனேன்.

பிறகு மூக்கை உறிஞ்சுகிற ஒரு சத்தம். நீ அன்றைக்குக் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று உறிஞ்சினாயே, அது. அப்புறம், உடைந்துபோன உன் குரலில்:

"அக்கா, நான் சொன்னது பிழை."

மழை முடியும்வரை இரண்டையும் மாறி மாறிச் சொன்னாள். முதலாவது, பிறகு உறிஞ்சல், பிறகு இரண்டாவது. முறை தவறவில்லை. அத்தான் கதவோரம் வந்து நின்று கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முதலாவது போகவில்லை, ஞானம். அது போகாது. நீ விஞ்ஞானம் படித்தவள், நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அது இனித் தனியாக வராது போலிருக்கிறது.

மழை விட்டுவிட்டது. அவள் கிளிப்புகளுக்குத் திரும்பிவிட்டாள். நான் நனைந்த துணியோடு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன், இன்னொரு தரம் சொல்வாளோ என்று.

இன்றைக்கு மத்தியானத்திலிருந்து வானம் கறுத்திருக்கிறது. நான் இன்னும் துணி எடுக்கவில்லை.

அக்கா